1800 ஜூன் 3: கோவை மறந்த தியாகம்

 



நபி (ஸல்) அவர்கள் மறைந்து சிறிது காலத்திலேயே யமாமா என்னுமிடத்தில் கடும் போர் நிகழ்ந்தது. அப்போரில் குர்ஆனை நெஞ்சில் சுமந்திருந்த ஹாஃபிழ்கள் பலர் ஷஹீதானார்கள். வெற்றிச் செய்தியோடு இந்த இழப்புச் செய்தியும் மதீனா வந்து சேர்ந்தது. உமர் (ரலி) அவர்கள் கலக்கமுற்றார்கள். இவ்வாறே போர்க்களங்களில் ஹாஃபிழ்கள் மறைந்துகொண்டிருந்தால், நெஞ்சங்களில் உள்ளது நெஞ்சங்களோடு போய்விடுமே என்று கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் முறையிட்டார்கள். முதலில் தயங்கிய கலீஃபா அவர்கள் பின்னர் இணங்கினார்கள். ஜைத் பின் ஸாபித் (ரலி) அவர்களிடம் அப்பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. ஓலைகளிலும் தோல்களிலும் எலும்புகளிலும் எழுதப்பட்டிருந்தவையும் மனிதர்களின் நெஞ்சங்களில் பதிந்திருந்தவையும் ஒன்றுசேர்க்கப்பட்டன.

இறைவேதத்தின் தகுதி வேறு. மனிதர்களின் வரலாற்றுக்குரிய தகுதி வேறு. இரண்டையும் ஒப்பிடுவதற்காக இதனைக் கூறவில்லை. நினைவைச் சுமந்தவர்கள் மறையும்போது நினைவும் மறைந்துவிடும். ஆகவே காலம் கடக்குமுன் எழுதி வையுங்கள் என்னும் படிப்பினை இந்நிகழ்ச்சியில் நமக்கு உண்டு. அப்படிப்பினையை நாம் நமது ஊரின் வரலாற்றில் கடைப்பிடித்தோமா என்பதே இன்று நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி.

கோட்டை இல்லாத கோட்டைமேடு

கோவை மாநகரில் கோட்டைமேடு என்றொரு பகுதி இருக்கிறது. அங்கே பள்ளிவாசலும் உண்டு. கோட்டை ஈஸ்வரன் கோவிலும் உண்டு. பெயரில் கோட்டை இருக்கிறதே தவிர, கண்ணுக்குக் கோட்டை தென்படுவதில்லை. அங்கே விளையாடும் சிறுவர்களிடம் இப்பெயர் எவ்வாறு வந்தது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் விழிப்பார்கள். அவர்களுடைய தந்தையரிடம் கேளுங்கள். அவர்களும் விழிப்பார்கள். குற்றம் பிள்ளைகளுடையதன்று, சொல்லாமல் விட்டவர்களுடையது.

அங்கே உண்மையிலேயே ஒரு கோட்டை இருந்தது. மைசூர் அரசிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மலபாருக்குச் செல்லும் பாதையில் அமைந்திருந்ததால், கோவை இராணுவ முக்கியத்துவம் பெற்ற ஊராக விளங்கியது. மூன்றாம் மைசூர்ப் போரில் 1790 ஜூலையில் ஆங்கிலேயர் இவ்வூரைக் கைப்பற்றினர். 1791 நவம்பரில் திப்பு சுல்தானின் தளபதி கமருத்தீன் கான் முற்றுகையிட்டு அதனை மீட்டார். 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல்லும் சேலமும் மலபாரும் கம்பெனியிடம் சென்றன. கோவை திப்புவிடமே எஞ்சியது. 1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையில் திப்பு போரிட்டு வீழ்ந்தபின், கோவையும் கம்பெனியின் கைக்குப் போயிற்று.

விருப்பாட்சியில் கூடிய கரங்கள்

ஓர் அரசு வீழ்ந்தால் அரசன் மட்டும் வீழ்வதில்லை. திப்புவின் படையில் பணியாற்றிய ஆயிரக்கணக்கானோர் பிழைப்பை இழந்தனர். பாளையக்காரர்களின் பரம்பரை உரிமைகள் பறிபோயின. புதிய ஆட்சியின் வரிச்சுமை குடியானவர்களின் மேல் விழுந்தது. குதிரைவீரனின் மனக்குமுறலும் பாளையக்காரரின் சினமும் உழவனின் துயரமும் ஒரே இடத்தில் வந்து கூடின.

திண்டுக்கல் பகுதியில் விருப்பாட்சி கோபால நாயக்கர், சிவகங்கையில் மருது சகோதரர்கள், வயநாட்டில் பழசி இராஜா கேரள வர்மா, மைசூர்ப் பகுதியில் கிருஷ்ணப்ப நாயக்கரும் தூந்தாஜி வாகும், கொங்கு நாட்டில் தீரன் சின்னமலை. மொழியாலும் மார்க்கத்தாலும் குலத்தாலும் வேறுபட்டிருந்த இவர்கள், அந்நிய ஆதிக்கத்தை எதிர்ப்பதில் ஒரே அணியில் நின்றனர். 1800 ஏப்ரலில் விருப்பாட்சியில் கிளர்ச்சித் தலைவர்கள் கூடிக் கம்பெனிக்கு எதிராக எழுவதென்று முடிவு செய்தனர். முதல் அடி விழவேண்டிய இடமாகக் கோவை தேர்ந்தெடுக்கப்பட்டது.

முஹர்ரம் பத்தாம் நாள்

அதற்கென அவர்கள் குறித்த நாள் 1800 ஜூன் 3. ஹிஜ்ரி 1215ஆம் ஆண்டின் முஹர்ரம் பத்தாம் நாள் அது. கம்பெனிப் படையிலும் முஸ்லிம் சிப்பாய்கள் இருந்தனர். அவர்கள் முஹர்ரம் நிகழ்ச்சிகளில் ஈடுபட்டிருக்கும் வேளையில் கோவையைத் தாக்குவதென்பது திட்டம்.

சகோதரர்களே! ஆஷூரா நாள் நமக்குப் புதிதன்று. கொடுங்கோலன் ஃபிர்அவ்னிடமிருந்து மூஸா (அலை) அவர்களும் அவர்களுடைய சமூகத்தாரும் காப்பாற்றப்பட்ட நாள் அது. நன்றி செலுத்தி நாம் நோன்பு நோற்கும் நாள். ஹிஜ்ரி 61இல் நபியின் பேரர் ஹுசைன் (ரலி) அவர்கள் கர்பலாவில் ஷஹீதான நாளும் அதுவே. அந்த நாளோடு நமது கோவையும் ஒரு தியாகத்தால் பிணைக்கப்பட்டிருக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

திட்டம் நிறைவேறவில்லை. வெவ்வேறு திசைகளிலிருந்து வரவேண்டிய படைகள் உரிய நேரத்தில் ஒன்றுசேர முடியாமற்போக, கம்பெனி முந்திக்கொண்டது. கிளர்ச்சியாளர்கள் பிடிக்கப்பட்டனர். 42 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. கிளர்ச்சியின் தலைவர்களுள் ஒருவரான முஹம்மத் ஹாஷம், பிடிபட்டபோது, தோழர்களின் இரகசியங்கள் தம் வாயிலிருந்து வெளிவந்துவிடக் கூடாதென்று தம் உயிரையே மாய்த்துக்கொண்டார் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். தன் உயிரைத் தானே மாய்ப்பதை நமது மார்க்கம் அனுமதிக்கவில்லை. இதில் நமக்கு ஐயமில்லை. அம்மனிதரை எந்த அச்சம், எந்த வேதனை அந்நிலைக்குத் தள்ளியது என்பதை உள்ளங்களை அறிந்தவன் அறிவான். அவருக்குத் தீர்ப்பு வழங்குவது நமது வேலையன்று. அவருடைய கடைசி எண்ணம் தம் தோழர்களைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதாக இருந்தது என்பதை நினைவில் வைப்பது நமது கடமை.

கோவையோடு முடியவில்லை

கோவையில் மூண்ட நெருப்பு மதுரைக்கும் இராமநாதபுரத்திற்கும் பரவிற்று. 1800 செப்டம்பர் 10ஆம் நாள் தூந்தாஜி வாக் களத்தில் கொல்லப்பட்டார். 1801 ஜூன் 16ஆம் நாள் சின்ன மருது வெளியிட்ட திருச்சிராப்பள்ளி அறிக்கை, ஜம்புத்தீவில் வாழும் எல்லா வருணத்தாரையும் விளித்தது. அவ்வழைப்பில் முஸ்லிம்களையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. 1801 செப்டம்பரில் கோபால நாயக்கரும், அக்டோபர் 24ஆம் நாள் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டனர். காவிரிக் கரையிலும் ஓடாநிலையிலும் அரச்சலூரிலும் கம்பெனிப் படையை எதிர்த்துப் போரிட்ட தீரன் சின்னமலை, 1805 ஜூலை 31ஆம் நாள் சங்ககிரிக் கோட்டையில் தம் சகோதரர்களுடன் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் பழசி இராஜா வீழ்ந்தார். 1806 ஜூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தனர்.

கொங்கு நாட்டில் சின்னமலையைப் பற்றி வழங்கும் கதை ஒன்றுண்டு. மைசூருக்குச் சென்ற வரிப்பணத்தை வழிமறித்து ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்தவர் அவர் என்று மக்கள் சொல்வார்கள். அதே சின்னமலைதான் பின்னர் திப்புவின் பக்கம் நின்று ஆங்கிலேயரை எதிர்த்தார். நேற்றுப் பிணங்கியவர்கள் பொது ஆபத்து வந்தபோது இன்று இணைந்தனர். பிளவின் வலியை அனுபவித்து அறிந்த நமது கோவை நகரத்திற்கு இதைவிட அவசியமான பாடம் வேறென்ன இருக்கிறது?

ஏன் மறந்தோம்?

திருப்பூர் குமரனை அறியாத பிள்ளை கொங்கு நாட்டில் இல்லை. 1932 ஜனவரியில் கொடியேந்திய கையோடு தடியடிபட்டு உயிர்நீத்த அவ்விளைஞரின் பெயர் ஊருக்கு ஊர் ஒலிக்கிறது. தீரன் சின்னமலைக்கு ஓடாநிலையில் மணிமண்டபம் எழுந்துள்ளது. ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கு நாளில் அரசு மரியாதை செலுத்துகிறது. 2005இல் அஞ்சல்தலையும் வெளிவந்தது. இவை நடந்தது மிக நன்று. அவர்கள் நினைக்கப்படுவதற்குக் காரணம், நினைப்பதற்கென்று சிலர் முயன்றதுதான். பேரன் பாட்டனைப் பற்றிப் பேசினான், ஊரார் கூடினார்கள், கேட்டார்கள், பெற்றார்கள்.

கோவையின் 42 பேருக்கு அவ்வாறு பேசுவார் இல்லை. நமது பாடநூல்களில், 1800 ஜூனில் கோவையில் கிளர்ச்சி தோன்றியது என்ற அளவில் ஓரிரு வரிகளே உள்ளன. வரலாற்றாசிரியர் கே. ராஜய்யன் பழைய ஆவணங்களை ஆராய்ந்து, 1800–1801 தென்னிந்தியக் கிளர்ச்சியை முதல் விடுதலைப் போராகவே நிறுவி 1971இல் ஒரு நூலை வெளியிட்டார். நூல் வந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. நமது வீடுகளில், நமது மதரஸாக்களில் அச்செய்தி இன்னும் நுழையவில்லை.

பத்ருப் போரில் பங்கேற்ற ஏறத்தாழ 313 பேரின் பெயர்களைத் தேடித்தேடித் தொகுத்த சமுதாயம் இது. அங்கே ஷஹீதான 14 பேரின் பெயரையும் குலத்தையும் இன்றும் நம்மால் சொல்ல முடியும். அத்தகைய சமுதாயம், தன் காலடியில் கிடக்கும் 42 பேரைத் தேடவில்லை என்பது வருந்தத்தக்கது.

எவ்வாறு நினைவுகூர்வது?

புதிதாக ஒரு சடங்கை ஏற்படுத்துங்கள் என்று நாம் கூறவில்லை. கொடியும் ஊர்வலமும் தேவையில்லை. தேவைப்படுபவை மூன்று.

முதலாவது, உண்மை. ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஒரு செய்தியைக் கேட்டவுடன், இதைச் சொன்னவர் யார், அவர் யாரிடமிருந்து கேட்டார் என்று வினவினார்கள். அறிவிப்பாளர் பலவீனமானவராயின் செய்தி எவ்வளவு இனிமையாக இருந்தாலும் ஒதுக்கினார்கள். இன்று செல்பேசியில் வருகின்ற வரலாற்றுச் செய்திகளை நாம் அவ்வாறு உரசிப் பார்க்கிறோமா? 42 என்பதை 4,200 ஆக்கினால் தியாகம் பெரிதாகிவிடாது. சொல்பவனின் நம்பகம்தான் சிறிதாகிவிடும். ஒரு பொய் கலந்துவிட்டால், அடுத்த தலைமுறை உண்மையையும் சேர்த்தே மறுத்துவிடும். இதனை முஸ்லிம்கள் மட்டும் நடத்திய போராகச் சித்திரிப்பதும், முஸ்லிம்களின் பங்கை விட்டுவிட்டுச் சொல்வதும் ஒரே வகைக் குற்றமே. கம்பெனியின் படையிலும் நமது நாட்டவரே பெரும்பான்மை என்ற கசப்பான உண்மையையும் பிள்ளைகளிடம் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாவது, தேடல். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கம்பெனிக் காலத்து வருவாய், இராணுவ ஆவணங்கள் பாதுகாக்கப்படுகின்றன. அவை எதிரியின் கையால் எழுதப்பட்டவை. கிளர்ச்சியாளரைக் குற்றவாளி என்றே அவை குறிக்கும்; நம்மவர் பெயர்கள் அந்நிய நாவில் சிதைந்து கிடக்கும். ஆயினும் எதிரி தன் அச்சத்தினால் எழுதி வைத்த சாட்சியம் மதிப்புடையது. கல்லூரியில் வரலாறு பயிலும் நமது மாணவர்கள் அங்கே சென்று ஒரு பெயரையாவது மீட்டெடுத்தால், அது பல மேடைப் பேச்சுகளைவிட மேலானது. ஜமாஅத்துகள் அத்தகைய மாணவர்களுக்குப் பயணச் செலவையேனும் ஏற்கலாம்.

மூன்றாவது, சொல்லுதல். இவ்வாண்டு ஆஷூரா நோன்பு திறக்க அமரும்போது, மூஸா (அலை) அவர்களின் வரலாற்றைச் சொன்னபின் ஐந்து நிமிடம் ஒதுக்கி, இந்த ஊரில் 1800இல் நடந்ததையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அடுத்த வீட்டுக் கவுண்டர் பிள்ளையும் உடனிருந்தால் மேலும் நல்லது. அவனுக்கும் இதில் பங்குண்டு.

ஷஹீத் என்னும் சொல்லின் வேர், சாட்சி கூறுதல் என்னும் பொருளுடையது. அந்த 42 பேர் தம் உயிரால் கூற வேண்டியதைக் கூறிச் சென்றுவிட்டனர். அவர்களின் மறுமை நிலை இறைவனிடம் உள்ளது. அவர்களைப் பற்றிய சாட்சியம் நம்மிடம் உள்ளது. நமக்குத் தெரிந்த சாட்சியத்தை மறைப்பது பெரும் பாவம் என்பதை நாம் அறிவோம்.

வல்ல நாயனே! நீதிக்காக உயிர்நீத்தவர்களின் நற்செயல்களை ஏற்றுக்கொள்வாயாக! அவர்களின் தவறுகளை மன்னிப்பாயாக! உண்மையை அறியவும், அறிந்ததைக் கூட்டாமலும் குறைக்காமலும் எங்கள் மக்களுக்கு எடுத்துச் சொல்லவும் எங்களுக்குத் துணை செய்வாயாக! இம்மண்ணில் வாழும் அனைவரிடையேயும் அன்பையும் அமைதியையும் நிலைபெறச் செய்வாயாக! ஆமீன்.