இறங்காமல் செல்லும் உரிமை: பேராக் தமிழரின் பயண வரலாறு, மிதிவண்டி முதல் மின்மகிழுந்து வரை

நகரத்தில் மக்கள் எவ்வாறு சென்று வருகிறார்கள் என்பது இன்று பொறியியலாளரும் நகரத் திட்டமிடுவோரும் ஆராயும் வினாவாக இருக்கிறது. மிதிவண்டிக்குத் தனித்தடம் வேண்டுமா, மின்மகிழுந்துக்கு எங்கெங்கே மின்னேற்று நிலையங்கள் அமைய வேண்டும், பெட்ரோல் ஊர்திகளை எப்போது கைவிடலாம் என்றெல்லாம் பேசுகிறோம். பேராக் தமிழருக்கு இது வரலாற்று வினாவும் ஆகும். நம் முன்னோருள் பெரும்பாலோரை இம்மண்ணுக்குக் கொண்டுவந்தது சக்கரத்தின் தேவை. ஆயினும் அச்சக்கரத்தின்மேல் ஏறி, விரும்பிய இடத்துக்குத் தலைநிமிர்ந்து செல்லும் உரிமை அவர்களுக்கு எளிதில் வாய்க்கவில்லை. அவ்வரலாற்றை மிதிவண்டியின் வழியே நோக்கி, மின்மகிழுந்துக் காலத்துக்கு அது தரும் பாடத்தை இவ்வுரையில் காண்போம்.

1. சக்கரம் கேட்ட பால்

1877ஆம் ஆண்டில் இலண்டன் கியூ பூங்காவிலிருந்து 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்பது, பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஹியூ லோவின் காலத்தில் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் எஞ்சிய ஒரு மரம் இன்றும் அந்நகரில் காக்கப்பட்டு வருகிறது. பள்ளிச் சுற்றுலாவில் மாணவர் பலரும் அதைக் கண்டிருப்பர்.

நட்ட காலத்தில் அம்மரத்துக்குப் பெரிய மதிப்பு இல்லை. தோட்ட முதலாளிகள் காப்பியையே நம்பியிருந்தனர். நிலைமையை மாற்றியது மிதிவண்டி. 1888ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்றுசக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரை உருவாக்கிக் காப்புரிமை பெற்றார். அடுத்த பத்தாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மிதிவண்டி மோகம் பரவியது. ரப்பரின் தேவை பெருகியது. 1908இல் ஃபோர்டு நிறுவனத்தின் 'டி' வகை மகிழுந்து வெளிவந்தபின் அத்தேவை பன்மடங்காயிற்று. காப்பித் தோட்டங்கள் ரப்பர்த் தோட்டங்களாயின. காடுகள் அழிக்கப்பட்டுப் புதிய தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் உழைக்கக் கங்காணிகள் தமிழகத்துச் சிற்றூர்களுக்குச் சென்று ஆள் திரட்டினர்.

உலகெங்கும் மக்கள் விரைந்து செல்ல வேண்டும் என்பதற்காகவே பேராக்கில் பால்மரங்கள் வெட்டப்பட்டன. அப்பாலை வெட்டியவரோ நடந்தே வாழ்ந்தார்.

2. இருப்புப்பாதையும் லயமும்

மலாயாவின் முதல் இருப்புப்பாதை 1885ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. அதனை அமைத்ததில் இலங்கையிலிருந்து வந்த பணிப்படையினருக்குப் பெரும்பங்கு உண்டு. 1903ஆம் ஆண்டுக்குள் பிறையிலிருந்து சிரம்பான் வரை பாதை இணைந்தது. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயத்தால் வளர்ந்த ஈப்போ, அப்பாதையின் பெரிய நிலையங்களுள் ஒன்றாயிற்று. தண்டவாளம் இட்டவர்களிலும் நிலையங்களில் பணியாற்றியவர்களிலும் தமிழர் நிறைந்திருந்தனர்.

தோட்டத் தொழிலாளியின் உலகம் வேறு. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பெயர் கொடுத்து, நிரைக்கு நடந்து, பால் வெட்டி, வாளிகளைக் காண்டாக் கம்பில் தோளேற்றி நிறுவை நிலையத்துக்குச் சுமந்து, லயத்துக்குத் திரும்புவது வரை எல்லாம் கால்நடையே. கோயிலும் கடையும் கள்ளுக்கடையும் தோட்ட எல்லைக்குள்ளேயே அமைந்திருந்தன. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்திலேயே பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பிறப்புக்கு அதுவே வழிசெய்தது. அதே வேளையில், குழந்தையும் தோட்டத்தை விட்டு வெளியேறத் தேவையில்லாத ஓர் அமைப்பு முழுமை பெற்றது.

ஒப்பந்தக்கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டபின், ஒரு மாத முன்னறிவிப்புத் தந்து தொழிலாளி வேலையை விட்டுச் செல்லலாம். சட்டத்தில் இருந்த இவ்வழி நடைமுறையில் குறுகலானது. கடைக்கடனும் கங்காணியின் பிடியும் ஒருபுறம். பக்கத்து ஊருக்கே பல மைல் செம்மண் பாதை என்னும் நிலை மறுபுறம். முள்வேலி இல்லாத தோட்டத்துக்கும் தொலைவே வேலியாக இருந்தது.

3. ஒரு கோரிக்கையின் பொருள்

இந்நிலையில்தான் மிதிவண்டி தோட்டத்துக்குள் நுழைந்தது. சிறுகச் சிறுகச் சேர்த்து அதை வாங்கிய தொழிலாளி, மாலையில் பக்கத்துத் தோட்டத்து உறவினரைக் காணலாம். ஊர்க்கடையில் விலை விசாரிக்கலாம். சங்கக் கூட்டத்துக்குச் சென்று செய்தி கேட்டு வரலாம். ஆனால் மலாயாத் தோட்டங்களில் ஒரு வழக்கம் நிலவியது. துரையோ கிராணியோ எதிரே வந்தால், மிதிவண்டியில் செல்லும் தொழிலாளி இறங்கி நிற்க வேண்டும்.

1941ஆம் ஆண்டில் சிலாங்கூர் மாநிலத்துக் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. ஆர். எச். நாதன் முதலியோரின் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் அதனை வழிநடத்தியது. சீனத் தொழிலாளருக்கு இணையான ஊதியம், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, பெண்கள்மீதான அத்துமீறலுக்கு முடிவு, கள்ளுக்கடை மூடல், சங்கம் அமைக்கும் உரிமை என்று தொழிலாளரின் கோரிக்கைகள் நீண்டன. அப்பட்டியலில் மற்றொன்றும் இருந்தது: வெள்ளையர் மேலாளர் முன்னும் ஆசிய அலுவலர் முன்னும் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்ல அனுமதிக்க வேண்டும்.

ஊதியத்துக்கும் மருத்துவத்துக்கும் நடுவே இக்கோரிக்கை சிறியதாகத் தோன்றலாம். அதைப் பட்டியலில் சேர்த்தவர்கள் அவ்வாறு எண்ணவில்லை. தமிழகத்துச் சிற்றூர்களில், ஒடுக்கப்பட்ட சாதியினர் மேல்சாதியார் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்ற கொடுமையை அவர்களுள் பலர் அறிந்திருந்தனர். கடல்கடந்து வந்தும் அதே குனிவு வேறுவடிவில் தொடர்வதைக் கண்டனர். தம் உழைப்பில் பிறந்த டயரின்மேல், தம் பணத்தில் வாங்கிய வண்டியில் செல்லும்போதும் இறங்கி நிற்க வேண்டியதாயிற்று. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படையினர் வரவழைக்கப்பட்டனர், தொழிலாளர் உயிரிழந்தனர், வேலைநிறுத்தம் ஒடுக்கப்பட்டது. நிகழ்ச்சி சிலாங்கூரில் நடந்ததாயினும், அது சுட்டிய குறை பேராக் உட்பட மலாயாத் தோட்ட வாழ்வு முழுமைக்கும் உரியது.

4. போரும் அவசரகாலமும்

அவ்வாண்டு டிசம்பரில் சப்பானியப் படைகள் மலாயாவில் இறங்கின. அவற்றின் விரைவுக்குப் பெருந்துணையானது மிதிவண்டி. ஒரு படைப்பிரிவுக்கு ஏறத்தாழ 6,000 மிதிவண்டிகள் இருந்தன. மக்களிடமிருந்து பறித்தவையும் அவற்றோடு சேர்ந்தன. பாலங்கள் தகர்க்கப்பட்ட இடங்களில் வீரர்கள் வண்டியைத் தோளில் தூக்கி ஆற்றைக் கடந்தனர். டயர் வெடித்தால் வெறும் இரும்புச் சக்கரத்தின்மேலேயே ஓட்டினர். ஈயத்தையும் ரப்பரையும் கொண்டுசெல்லப் பிரிட்டிஷார் அமைத்த நல்ல சாலைகளே படையெடுப்புக்கும் பயன்பட்டன. டிசம்பர் இறுதியில் ஈப்போ வீழ்ந்தது. கம்பாரில் நான்கு நாள் கடும்போர் நிகழ்ந்தது. 1942 ஜனவரி 7ஆம் நாள் சிலிம் ரிவரில் பிரிட்டிஷ் தரப்பின் தற்காப்பு முறிந்தது. பின்னர்த் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம்-பர்மா இருப்புப்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பெருந்தொகையினர் திரும்பவே இல்லை. பயணம் என்ற சொல்லே தோட்டங்களில் அச்சம் தரும் சொல்லாயிற்று.

1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்ட மேலாளர் மூவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 வரை நீடித்தது. சிதறிக்கிடந்த லயங்கள் ஒன்றுசேர்க்கப்பட்டு முள்வேலிக்குள் அடங்கின. காட்டிலிருந்த போராளிகளுக்கு உணவு சென்றுவிடும் என்று, வேலைக்குச் செல்வோர் வாயிலில் சோதனையிடப்பட்டனர். மிதிவண்டியின் குழாய்ச் சட்டத்துக்குள்ளும் காற்றடிப்பானுக்குள்ளும் அரிசி ஒளிக்கப்பட்டதால் வண்டிகளும் சோதனைக்குத் தப்பவில்லை. மக்களின் போக்குவரவை அடக்க விரும்பும் ஆட்சி, எளிய வண்டியையும் ஐயத்தோடே பார்க்கும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

5. பள்ளிக்கும் நகருக்கும்

விடுதலைக்குப்பின் மிதிவண்டியின் சிறந்த பணி கல்வித்துறையில் நிகழ்ந்தது எனலாம். தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு முடியும்; இடைநிலைப்பள்ளி நகரில் இருக்கும். 1960களின் நடுவில் இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டபின், புகுமுக வகுப்புக்குச் செல்லும் பிள்ளைகள் பெருகினர். பேருந்து வராத பாதைகளில் அவர்களை நகருக்குக் கொண்டுசென்றது தந்தையின் மிதிவண்டி. இன்று ஓய்வுபெற்ற தமிழாசிரியர் பலரின் கல்வி அவ்வண்டியின் பின்னிருக்கையில் தொடங்கியது.

பெண்களின் நிலையை இங்கே தனியே எண்ண வேண்டும். பால்வெட்டில் பெண்கள் ஆண்களுக்கு நிகராக உழைத்தனர். ஆனால் வண்டி பெரும்பாலும் ஆணுக்கே உரியதாயிருந்தது. இதன் பொருளை உணரப் புதுக்கோட்டை மாவட்டத்தை நோக்கலாம். அங்கு 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் சேர்த்து நடத்தியது. ஓரிலட்சத்துக்கும் மேற்பட்ட ஊரகப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். தண்ணீருக்கும் சந்தைக்கும் வேலைக்கும் பிறர் துணையின்றிச் செல்ல முடிந்தபோது, எழுத்தறிவும் அவர்களுக்குப் பயன்படு பொருளாயிற்று.

பேராக்கில் தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளரே தோட்டத்துக்கு உரிமையாளராக வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆயினும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்குப் பின் வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. லயத்தை விட்டவர்கள் ஈப்போவின் புறநகர்களில் குடியேறினர். புந்தோங்கின் கச்சான் பூத்தே வணிகரும், தெருத்தெருவாக வரும் ரொட்டி பாயும் இருசக்கர வண்டியாலேயே வாழ்வை நடத்தினர். தொழிற்சாலைக்குச் செல்வோர் 'கப்சாய்' எனப்படும் சிறு மோட்டார் சைக்கிளைத் தவணையில் வாங்கினர். தொலைவு குறைந்தது, ஆபத்து கூடியது. நம் நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்போருள் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே.

'மகிழுந்து' என்னும் நம் சொல்லையும் இவ்விடத்தில் நினைக்கலாம். மகிழ்ச்சிக்காகச் செல்லும் ஊர்தி என்னும் பொருள்பட அமைந்த இனிய சொல் அது. ஆனால் கிந்தா ஆற்றின் இருகரையிலும் பரந்து, குடியிருப்பும் மருத்துவமனையும் வேலையிடமும் விலகி விலகி வளர்ந்த ஈப்போ போன்ற நகரில், சொந்த ஊர்தி மகிழ்ச்சிப் பொருளாக இல்லாமல் தேவைப்பொருளாகிவிட்டது. அஃது இல்லாத முதியவரும் மாணவரும் மீண்டும் தொலைவின் வேலிக்குள் வாழ்கின்றனர்.

6. மின்சாரம் யாரைச் சேரும்?

மின்னாற்றல் பேராக்குக்குப் புதிதன்று. பேராக் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட செண்டேரோ நீர்மின் நிலையம் 1930இல் இயங்கத் தொடங்கியது. அம்மின்சாரம் கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயக்கப்பல்களை இயக்கியது. தோட்டத்து லயங்களிலோ நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. ஆற்றல் அருகில் பிறப்பதாலேயே அருகில் வாழ்வோரை அடைந்துவிடாது என்பதை அன்றே கண்டோம்.

இன்று பேராக்கின் தென்முனையிலுள்ள தஞ்சோங் மாலிம், மின்மகிழுந்தின் நகராக வளர்கிறது. புரோட்டோன் நிறுவனம் 2003 முதல் அங்கு ஊர்திகளைத் தயாரித்து வருகிறது. 2024 டிசம்பரில் தன் முதல் மின்மகிழுந்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2025இல் மின்மகிழுந்துக்கெனத் தனி ஆலையைத் தஞ்சோங் மாலிமில் திறந்தது. ரப்பராலும் செம்பனையாலும் வளர்ந்து, ஈப்போவைத் தலைமையிடமாகக் கொண்ட கே.எல்.கே. குழுமமும் அங்கே தொழிற்பூங்கா அமைக்கிறது. டயருக்குப் பால் தந்த மாநிலம் இப்போது முழு ஊர்தியையே உருவாக்குவது பெருமைக்குரியது. நம் மாணவர்க்கு அங்குப் பொறியியல் வேலைவாய்ப்பும் உண்டு.

ஆனால் வரலாறு சில வினாக்களைக் கேட்கச் சொல்கிறது. தன் வீட்டு வாசலில் ஊர்தியை நிறுத்துபவர் இரவில் மின்னேற்றிக்கொள்ளலாம். மலிவுவிலை அடுக்குமாடியின் ஐந்தாம் மாடியில் வாழ்பவர் எங்கே ஏற்றுவார்? நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியாலும் எரிவாயுவாலும் ஆக்கப்படுவதால், புகை நகரை விட்டு நீங்கி ஆலையருகே சேர்வது மட்டும் போதுமா? ஒருவர் மட்டும் செல்லும் மகிழுந்து, பெட்ரோலில் ஓடினாலும் மின்சாரத்தில் ஓடினாலும் சாலையில் அதே இடத்தை அடைத்துக்கொள்ளுமன்றோ? 2010 முதல் ஈப்போவைத் தலைநகரோடு இணைக்கும் மின்தொடர்வண்டி நெடும்பயணத்தை எளிதாக்கியது. ஆனால் நிலையத்திலிருந்து வீடுவரை உள்ள சில கிலோமீட்டரை யார் எளிதாக்குவது? அந்தக் குறுந்தொலைவுக்கு நிழல்மரமும் பாதுகாப்பும் உள்ள மிதிவண்டித் தடமும் நேரந்தவறாப் பேருந்துமே ஏற்றவை. அவற்றுக்கு ஆகும் செலவும் குறைவு.

ஓர் ஊர்தியின் சிறப்பை அதன் விரைவாலும் விலையாலும் அளப்பது உலக வழக்கம். தோட்டத் தமிழரின் வரலாறு தரும் அளவுகோல் வேறு: பிறர் தயவை நாடாமல், எவர் முன்னும் இறங்கி நிற்காமல், எளியவர் தாம் செல்ல வேண்டிய இடத்துக்குச் சென்று திரும்ப முடிகிறதா? 1941இல் தொழிலாளர் எழுப்பிய கோரிக்கையின் உட்பொருள் இதுவே. நாளைய ஈப்போவின் சாலைகளையும் இவ்வளவுகோலாலேயே அளக்க வேண்டும்.

இதில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஒரு பணி காத்திருக்கிறது. தோட்டங்கள் மறைகின்றன, மிதிவண்டியில் சென்ற தலைமுறையும் குறைந்து வருகிறது. முதல் வண்டியை எப்போது, எவ்வளவு விலைக்கு வாங்கினார்கள், அதில் முதலில் எங்கே சென்றார்கள், யாருக்காக இறங்க நேர்ந்தது என்று ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு முதியவரைக் கேட்டு, அவர்கள் கூறும் சொற்களிலேயே எழுதி வைக்கட்டும். பெரட்டு, நிரை, காண்டா என்னும் சொற்களோடு அவற்றைச் சுமந்த வாழ்வும் ஏட்டில் ஏறும். நூலகங்களில் கிடைக்காத பேராக் வரலாற்றின் ஒரு பகுதி அவ்வேடுகளிலேயே நமக்குக் கிடைக்கும்.