டமாஸ்கஸ் நகரின் இரு அறிஞர்கள்



கல்வியை மார்க்கக் கல்வி என்றும் உலகக் கல்வி என்றும் இரு கூறாக்கி, ஒன்றைப் பள்ளிவாசலுக்கு உள்ளேயும் மற்றொன்றை அதன் மதிலுக்கு வெளியேயும் நிறுத்தி நாம் பழகிவிட்டோம். நம் முன்னோர் இப்பிரிவினையை அறியார். திமிஷ்க் எனப்படும் டமாஸ்கஸ் நகரின் வரலாறே இதற்குச் சான்று.

ஹிஜ்ரி 549இல் (கி.பி. 1154) அந்நகரைத் தம் ஆட்சியின்கீழ்க் கொணர்ந்த சுல்தான் நூருத்தீன் ஸங்கி (ரஹ்) அவர்கள் அங்கு ஒரு மருத்துவமனையை நிறுவினார்கள். மருத்துவ நூல்களையும் அதற்கு வழங்கினார்கள். நோயாளிகள் குணம் பெற்ற அதே கூரையின்கீழ் மாணவர்கள் பாடமும் கேட்டனர். அந்நகரின் தலைசிறந்த மருத்துவராய் விளங்கி 1230இல் மறைந்த அத்தக்வார், மருத்துவம் கற்பிப்பதற்கெனத் தம் வீட்டையே வக்ஃபு செய்தார்.

இச்சூழலில் மருத்துவம் பயின்றவரே இப்னு நஃபீஸ் (ரஹ்). பின்னர் கெய்ரோவில் வாழ்ந்த அவர் தலைசிறந்த மருத்துவர். அதேவேளை ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட அறிஞருமாவார். இதயத்தின் வலப்புற அறையிலிருந்து இரத்தம் நடுச்சுவரிலுள்ள நுண்துளைகள் வழியே இடப்புறம் செல்கிறது என்பது கிரேக்க மருத்துவர் கேலனின் கூற்று. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அனைவரும் அதை ஏற்றிருந்தனர். இப்னு நஃபீஸோ, "அச்சுவரில் துளை இல்லை, இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, காற்றுடன் கலந்தே இடப்புறம் திரும்புகிறது" என்ற கருத்தை 1242இல் எழுதிவைத்தார். ஐரோப்பாவில் செர்வெட்டஸ் இதே கருத்தை அச்சிட்டது 1553இல்தான். 1288இல் இறப்பெய்திய இப்னு நஃபீஸ், தம் வீட்டையும் நூல்களையும், 1284இல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் நிறுவிய மருத்துவமனைக்கே விட்டுச்சென்றார்.

அடுத்தவர் இப்னு ஷாத்திர் (1304-1375). டமாஸ்கஸின் உமய்யா பெரும்பள்ளிவாசலில் தொழுகை நேரங்களைக் கணிக்கும் 'முவக்கித்' பதவி வகித்தவர். 1371இல் அப்பள்ளியின் மினாராவில் அவர் அமைத்த சூரியக் கடிகாரம் தொழுகை நேரங்களைக் காட்டிற்று. அவர் அத்துடன் நிற்கவில்லை. கோள்களின் இயக்கத்தைப் பற்றிய தாலமியின் கணக்குகளில் குறை கண்டு, புதிய அமைப்புகளை வகுத்தார். பூமியை மையத்திலேயே வைத்தபோதிலும், சந்திரனுக்கு அவர் வகுத்த அமைப்பு, 1543இல் கோப்பர்நிக்கஸ் வெளியிட்டதுடன் கணித அளவில் ஒத்திருக்கிறது. இத்தகைய ஆய்வாளருக்கு ஊழியம் அளித்தது ஒரு பள்ளிவாசல் என்பதை நாம் மறக்கலாகாது.

பெருமை பேசுவதற்காக மட்டும் இவற்றை எழுதவில்லை. வேதனைக்குரிய மறுபக்கமும் உண்டு. இப்னு நஃபீஸின் கண்டுபிடிப்பை உலகறியச் செய்த கையெழுத்துப் பிரதி, 1924இல் பெர்லின் நூலகம் ஒன்றில் எகிப்திய மருத்துவ மாணவர் ஒருவரின் கண்ணில் பட்டது. இப்னு ஷாத்திரின் கோள் கணக்குகள் கோப்பர்நிக்கஸின் கணக்குகளை ஒத்திருப்பதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியது 1950களில். நம்மவர் எழுதினர்; நாம் நூற்றாண்டுக் கணக்கில் மறந்தோம். "முதலில் கண்டவர்கள் நாங்களே" எனக் கூறும் நாவு, "ஏன் தொடரவில்லை?" என்ற வினாவுக்கும் விடை தேட வேண்டாமா?

விடையின் ஒரு பகுதி நம் கையிலேயே உள்ளது. மருத்துவமனையும் நூலகமும் மதரஸாவும் அன்று வக்ஃபுச் சொத்துகளின் வருவாயால் நிலைத்தன. இன்று நம் பள்ளிவாசல் சுவரில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையைப் பார்க்கிறோம். அதன் பின்னுள்ள கணிதத்தைக் கற்க விரும்பும் ஏழைச் சிறுவனுக்கோ சிறுமிக்கோ நம் ஜமாஅத்தின் வருவாயில் ஒரு பங்கு உண்டா? மினாராவை உயர்த்த அள்ளித்தரும் கை, ஒரு நூலக அலமாரிக்கும் நீள்கிறதா? ஓதுமாறு பணித்தே முதல் வஹீ இறங்கியது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அவர்கள் ஓதுவதற்கு வழி செய்வதும் நம் கடமையன்றோ!

பயனுள்ள கல்வியையும், அதற்குப் பொருளீயும் மனத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.