மலைநாட்டுத் தபாலும் தோட்டத்து மக்களும்

கண்டி இராச்சியம் 1815ஆம் ஆண்டிற் பிரித்தானியர் வசமாயிற்று. மலைகளே அரணாயிருந்த அந்நாட்டை ஆள்வதற்கு வீதி இன்றியமையாததாயிற்று. தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் 1820களில் அமைப்பித்த கொழும்பு - கண்டி வீதியில் 1832இல் குதிரைத் தபால்வண்டி ஓடலாயிற்று. படை நடத்தற்கென எழுந்த வீதி கடிதத்துக்கும் வழியாயிற்று. 1857இல் இலங்கையின் முதல் தபால் முத்திரை வெளிவந்தது. புகையிரதம் 1867இற் கண்டியையும், 1873இற் கம்பளையையும், 1874இல் நாவலப்பிட்டியையும் அடைந்தது.

இவ்வளர்ச்சியின் பின்னணியில் நின்றது கோப்பிப் பயிர்ச்செய்கையாகும். விலை நிலவரமும் வங்கிக் கடிதமும் தோட்டத் துரைமாருக்கு உடனுக்குடன் வேண்டியிருந்தன. தபாற்கந்தோர் கடைவீதியில் இருந்தது. தோட்டமோ மலைச்சரிவில் இருந்தது. இவ்விடைவெளியை ஒரு தொழிலாளியின் கால்களே நிரப்பின. நாள்தோறும் தபாற்பையுடன் இறங்கி ஏறிய அவரை ஆங்கிலப் பதிவுகள் 'தப்பால் கூலி' எனக் குறித்தன.

கோப்பிக் காலத்திற் பறிப்புப் பருவத்துக்கு வந்து ஊர் திரும்பியோர் பலர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவிற் பயிரிட்டிருந்த தேயிலை மலைகளெங்கும் பரவியது. ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்க வேண்டியதால், தொழிலாளர் குடும்பமாகத் தங்கலாயினர். திருச்சிராப்பள்ளியிலும் சேலத்திலும் மதுரையிலும் விட்டுவந்த உறவுக்குக் கடிதமும் காசுக்கட்டளையுமே பாலமாயின.

ஒரே தபாற்கந்தோரைச் சார்ந்திருந்த இரு சமூகங்களின் நிலை இவ்விடத்தில் வேறுபட்டது. கிராமத்தவனுக்குக் கடிதம் அவன் பெயருக்கும் ஊருக்கும் வந்தது. லயத்தில் வாழ்ந்தவனுக்கோ அது தோட்ட நிருவாகத்தின் மேற்பார்த்து வந்தது. முதலிற் சேருமிடம் தோட்டக் கந்தோர். எழுத்தறியாதாருக்கு அதனைப் படித்துச் சொல்லுபவர் பெரும்பாலும் கணக்கப்பிள்ளை. ஊரில் நிகழ்ந்த சாவும் பிறப்பும் முதலாளியின் வாயிலைக் கடந்தே மகனை எட்டின.

இவ்வேறுபாட்டின் முழுப்பொருள் பின்னரே புலனாயிற்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 825,000 பேருக்காக விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன; அவருள் ஏறக்குறைய 134,000 பேரே குடியுரிமை பெற்றனர். தொடர்ந்து வசித்தமையை எழுத்தாற் காட்ட வேண்டிய அந்நாளில், தலைமுறைகளாக ஓரிடத்திலேயே வாழ்ந்தோரிடம் தமக்கென ஒரு முகவரி இருக்கவில்லை.

1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் நாடற்ற நிலையைத் தீர்த்தன. ஆயினும், இன்றும் பல தோட்டங்களில் லயத்துக் கதவுகளுக்குத் தனி முகவரி இல்லை. மலைநாட்டுத் தபாலின் வரலாற்றை எழுதுவோர் கந்தோர்களின் தொகையோடு நின்றுவிடலாகாது. கடிதம் எந்த வாசலில் நின்றது என்பதையும் அவர் ஆராய்தல் வேண்டும்.