மேற்கை வென்றார்கள் சரி, யாரிடமிருந்து?

கௌபாய் படம் என்றாலே நம்மவர்களுக்கு 'மெக்கன்னாஸ் கோல்ட்', விட்டால் கிளின்ட் ஈஸ்ட்வுட். அதற்கெல்லாம் முன்பு, 1962ல் வந்த ஒரு பிரம்மாண்டம் 'ஹவ் தி வெஸ்ட் வாஸ் வன்'. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

ஐந்து பகுதிகள், மூன்று இயக்குநர்கள். ஆறுகள், சமவெளி, கொள்ளைக்காரர்கள் ஆகிய மூன்றும் ஹென்றி ஹாதவே எடுத்தவை. உள்நாட்டுப் போர் ஜான் ஃபோர்டு; ரயில்பாதை ஜார்ஜ் மார்ஷல். பிரெஸ்காட் என்ற ஒரே குடும்பத்தை வைத்து 1839 முதல் 1889 வரை ஐம்பது வருஷ அமெரிக்காவைச் சொல்கிறார்கள். மூன்று ஆஸ்கர் வாங்கிய படம்.

படத்தின் பலமே சினிராமாதான். மூன்று கேமராவில் ஒரே நேரத்தில் எடுத்து, மூன்று புரொஜக்டரில், வளைந்த திரையில் ஓட்டுவார்கள். ஆற்றுச் சுழலில் தெப்பம் சிக்கும் காட்சியும், காட்டெருமைகள் மிரண்டு ஓடும் காட்சியும் இன்றைக்கும் மிரட்டுகின்றன.

பலவீனமும் அதுவே! மூன்று படங்களும் சேரும் இடத்தில் கோடு தெரியும். முகத்தை நெருங்கிக் காட்ட வழியில்லாததால், நடிகர்கள் பாதி நேரம் மேடை நாடகம் போல வரிசையாக நிற்கிறார்கள்.

என்னைக் கேட்டால், படத்தின் உயிர் ஃபோர்டின் சின்னப் பகுதிதான். பையன் போருக்குப் போகிறான். அப்பா 1862ல் ஷைலோ போரில் இறந்துவிடுகிறார். திரும்பி வந்தால் அம்மாவும் இல்லை. நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு மறுபடி கிளம்புகிறான். பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நமக்கு அந்த இடத்தில் தொண்டை அடைக்கும்.

சரி, சரித்திரம்? ரயில்பாதை பகுதியில், அரபஹோ பழங்குடியினருக்குக் கொடுத்த வாக்கை ரயில் கம்பெனிக்காரர் மீறுகிறார். அதை மறைக்காமல் காட்டியதற்குப் பாராட்டலாம். ஆனால் கதை அவர்களை அங்கேயே விட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. 1864ல் சாண்ட் கிரீக்கில் ஷையென், அரபஹோ முகாமை ராணுவம் தாக்கியது. செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். படத்தில் அது இல்லை. 1869ல் கடல் முதல் கடல் வரை பாதை இணைந்ததே, அதன் மேற்குப் பாதியில் கல்லுடைத்த ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்களுக்கும் ஐந்து பகுதிகளில் ஒன்றுகூட இல்லை. கடைசியில் அணைக்கட்டு, நெடுஞ்சாலை, பாலம் என்று வானத்திலிருந்து காட்டி, எல்லாம் இதற்காகத்தான் என்று முடித்துவிடுகிறார்கள்.

ஆகவே பார்க்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். ரயில்பாதை பகுதி முடிந்ததும் ஒரு நிமிஷம் நிறுத்தி, "அந்த அரபஹோக்கள் அப்புறம் எங்கே போனார்கள்?" என்று கேளுங்கள். ஒயோமிங்கிலும் ஒக்லஹோமாவிலும் அரசாங்கம் ஒதுக்கிய இடங்களுக்குத் தள்ளப்பட்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். அதை நாம்தான் சொல்லித் தர வேண்டும், படம் சொல்லாது.