முந்திரியில் தொடங்கிய கணக்கு

முந்திரி என்றால் இன்று பருப்புதான் நினைவுக்கு வரும். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையனுக்கு அது ஒன்றில் 320-ல் ஒரு பங்கு. கூட்டல் வாய்பாடான பொன்னிலக்கத்தில் அவன் கால் வைத்ததே அங்கிருந்துதான். இரண்டு முந்திரி அரைக்காணி, இரண்டு அரைக்காணி ஒரு காணி, நாலு காணி ஒரு மா, ஐந்து மா சேர்ந்தால் கால். இத்தனை படி ஏறிய பிறகே ஒன்று என்ற முழு எண் கண்ணில் படும். நெல் அளக்க நெல்லிலக்கம், நிலம் அளக்கக் குழிமாற்று என்று வாய்பாடுகள் இன்னும் நீளும்.

எழுத்துக்கும் அதே நிதானம்தான். முதலில் மணலைப் பரப்பி விரலால் எழுத வேண்டும். கை படிந்த பிறகே ஓலையும் எழுத்தாணியும்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது வாத்தியார் ஆளுக்கொரு பூவின் பெயரோ பறவையின் பெயரோ ஊரின் பெயரோ சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் அதை மறக்காமல் ஒப்பிக்க வேண்டும். உ.வே.சாமிநாதையர் தம் பள்ளி நாட்களைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்கிறார். ஒரு நாளைக்கு ஒரே ஒரு பெயர்! நினைவாற்றலுக்கு இதைவிடச் சிக்கனமான பயிற்சி இருக்குமா தெரியவில்லை.

பிரம்புக்கும் குறைவில்லை. 1823-ல் பெல்லாரி கலெக்டர் கேம்பெல், அந்த ஜில்லாப் பள்ளிகளில் கண்டதை எழுதியிருக்கிறார். காலையில் முதலில் வருபவன் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள், இரண்டாமவனுக்குச் சுழியம். மூன்றாமவனுக்கு லேசாக ஓர் அடி, நாலாமவனுக்கு இரண்டு, அடுத்தடுத்து வருபவனுக்கு ஒவ்வொன்று கூடும். பொருள் புரியாமலே செய்யுளை மனப்பாடம் செய்கிறார்கள் என்றும் அவர் குறைப்பட்டார். அது நியாயமான குறைதான். அதைவிடப் பெரிய குறை, பெண் பிள்ளைகளுக்கும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் அந்தத் திண்ணை பெரும்பாலும் எட்டாததாகவே இருந்தது.

கவர்னர் மன்றோ எடுக்கச் சொன்ன கணக்கில், சென்னை மாகாணத்தில் இருந்த பள்ளிகள் 12,498.

அதற்கு முன்பே ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இந்த மணலைப் பார்த்துவிட்டார். சென்னையில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்தியவர் அவர். மணலில் எழுதும் முறையைத் தம் பள்ளியிலும் கொண்டுவரச் சொன்னார், ஆசிரியர்கள் மசியவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அவன் சொல்லிக்கொடுத்துவிட்டான். 1797-ல் இதை லண்டனில் நூலாக வெளியிட்டார் பெல். பின்னர் இங்கிலாந்துப் பள்ளிகளிலும் சின்னப் பிள்ளைகள் மணல் தட்டில் விரலோட்டி எழுத்துப் பழகினார்கள்.