பத்திரம் கேட்ட சட்டம்

கண்டிச் சீமையின் காப்பித் தோட்டங்களையும், 1867-இல் லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலையையும் வளர்த்தவர் எவர்? மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வழியே கால்நடையாய் வந்த தமிழ்த் தொழிலாளரும் அவர்தம் சந்ததியாருமே.

1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எந்த இனத்தையும் பெயர் சுட்டவில்லை. தகப்பனார், அன்றேல் பாட்டனாரும் பூட்டனாரும், இலங்கையிற் பிறந்தமைக்கு அத்தாட்சி வேண்டுமென்றது. பிறப்புப் பத்திரம் இல்லாதோர் கண்டிக் கிராமங்களிலும் பலர் இருந்தனர். ஆயினும் வினவப்பட்டவன் லயத்துத் தமிழனே. இங்கேயே பிறந்தவனையும் ‘கள்ளத்தோணி’ என்று ஏசினர்.

1949-ஆம் ஆண்டுச் சட்டம் நெடுநாள் வசித்தோர்க்கு வழி திறந்தது. ஆயின் விண்ணப்பித்தோருட் பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டனர். கொடக்கன் பிள்ளை வழக்கில், 1953-இல், பிரிவிக் கவுன்சிலும் 1948-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லுமென்றது.

1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. பங்கிடப்பட்டோரின் சம்மதம் கேட்கப்படவில்லை. எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டமே கதவு திறந்தது.

சட்டத்தின் சொல் சமமாயிருத்தல் மட்டும் போதாது. அதனைச் செலுத்துவோரின் கண்ணும் சமமாயிருத்தல் வேண்டும். ஐம்பத்தைந்து ஆண்டுகள் நமக்குக் கற்பித்த பாடம் இதுவே.