சாம்பிராணியும் 'எங்கள்' மருத்துவமும்

எம்மவர் கூடும் இடங்களில் சாம்பிராணி பற்றி இரண்டு கருத்துகள் அடிக்கடி மோதுகின்றன. பிள்ளை பெற்றவளுக்கும் குழந்தைக்கும் முழுக்கின் பின் சாம்பிராணிப் புகை காட்டுவது தூய தமிழ் மருத்துவம், அதைக் கைவிட்டால் எமது அடையாளமே போய்விடும் என்பது ஒன்று. அது வெறும் மூடநம்பிக்கை, ஆங்கில மருத்துவத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்பது மற்றது. ஒரு விடயத்தில் மட்டும் இரு தரப்பாரும் ஒத்துப்போகிறார்கள்: சாம்பிராணி எங்களுக்கே உரியது என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. முன்பு வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் அந்த இடத்திலிருந்தே தொடங்க விரும்புகிறேன்.

சாம்பிராணி என்ற பெயரில் கடைகளில் பலவகைப் பிசின்கள் விற்கப்படுகின்றன. நான் இங்கு பேசுவது வடசுமாத்திராவின் மலைகளிலிருந்து வரும் பிசினைப் பற்றி. அங்கு பட்டாக் மக்கள் மரப்பட்டையைக் கீறிவிடுவார்கள். வடியும் பால் நாளடைவில் இறுகிக் கட்டியாகும். அந்த மரம் யாழ்ப்பாணத்திலோ தமிழ்நாட்டிலோ இயற்கையாக வளர்வதில்லை.

சுமாத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பாருஸ் என்ற துறைமுகம் கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பேர்போனது. அதன் அருகே லோபு துவா என்ற இடத்தில் 1873இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. அதன் காலம் சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088. அங்கு வரும் கப்பல்காரர் செலுத்தவேண்டிய கட்டணத்தை, கஸ்தூரியின் விலையை அளவாகக் கொண்டு, பொன்னில் நிர்ணயித்தவர்கள் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற தென்னிந்திய வணிகக் குழுவினர். 1932இல் நீலகண்ட சாஸ்திரி இக்கல்வெட்டை ஆராய்ந்து எழுதினார். வாசனைப் பொருட்களின் துறைமுகத்தில் தமிழில் விதி பொறிக்குமளவுக்கு அவ்வணிகர் நிலைகொண்டிருந்தனர். 'எங்கள்' சாம்பிராணி கப்பலில் வந்த பொருள் என்பதை மறக்கக்கூடாது.

அதே பிசின் மேற்கு நோக்கியும் போயிற்று. அரபு வணிகர் அதை 'லுபான் ஜாவி', அதாவது ஜாவாக் குந்துருக்கம் என்றனர். ஜாவா என்று அவர்கள் சொன்னது சுமாத்திராவையும் சேர்த்துத்தான். ஐரோப்பியர் வாயில் அது 'பென்சொயின்' ஆயிற்று. அதிலிருந்து எடுத்த அமிலம் பென்சோயிக் அமிலம். 1833இல் யேர்மனிய விஞ்ஞானி மிச்சர்லிஹ் அந்த அமிலத்தைச் சுண்ணாம்புடன் சேர்த்துக் காய்ச்சி வடித்தபோது கிடைத்த திரவமே இன்று மாணவர் படிக்கும் பென்சீன். நியூ ஜேர்சியில் நான் வேலைசெய்யும் சோஸ் தொழிற்சாலைக்கு, பூஞ்சணம் பிடிக்காதிருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேற் மூட்டை மூட்டையாக வருகிறது. இப்போது அது பெற்றோலிய வழிப் பொருளான தொலுயீனிலிருந்து செய்யப்படுவது. மரத்தை விட்டாயிற்று, மரத்தின் பெயரை விடவில்லை.

மருத்துவத்திலும் தொடர்பு அறுந்துவிடவில்லை. சாம்பிராணியையும் வேறு சில பிசின்களையும் மதுசாரத்தில் கரைத்த கலவை அமெரிக்க மருந்து நூலில் இடம்பெற்றது. பிளாஸ்டர் நன்றாக ஒட்டவும் தோலைக் காக்கவும் அதைப் பூசுகிறார்கள். கொதிநீரில் சில துளி விட்டு ஆவி பிடிப்பதும் வழக்கத்தில் இருந்தது. எனவே 'ஒட்டுமில்லை உறவுமில்லை' என்ற வாதமும் நிற்காது.

ஆனால் இதைக் காட்டிப் புகை போடுவதை நியாயப்படுத்தவும் முடியாது. தோலில் பூசுவது வேறு, எரித்துச் சுவாசிப்பது வேறு. எந்தப் பிசினை எரித்தாலும் நுண்ணிய துகள்கள் வெளிவரும். பிறந்த குழந்தையின் சுவாசப்பைக்கு அவை கேடு. ஊரில் கதவும் யன்னலும் திறந்த வீட்டில் புகையின் பெரும்பகுதியைக் காற்றுக் கொண்டுபோய்விடும். இங்கே பனிக்காலத்தில் எல்லாம் அடைத்த தொடர்மாடி அறையில் அது எங்கே போகும்? பிசின் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எதற்கு, எவ்வளவு, எந்த வீட்டில் என்று கேட்கவேண்டும். நல்ல பரியாரியாரும் அப்படித்தான் கேட்பார்.

அடையாளம் போய்விடும் என்று அஞ்சுவோருக்கு ஒரு வார்த்தை. அந்நிய மண்ணின் பிசினை எமது முன்னோர் வாங்கி, தமது வீட்டுக்கும் காலநிலைக்கும் ஏற்ப ஒரு வழக்கத்தை அமைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு இருந்த உரிமை எமக்கும் உண்டு. கைக்குழந்தை உள்ள வீட்டில் தணல் வேண்டாம் என்பதே என் கருத்து. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் கறி சமைப்பதும், இரவில் எழுந்து குழந்தையைத் தூக்குவதும் எமது வழக்கங்களே. உதவிக்கு உறவினர் இல்லாத இந்த நாட்டில் அவற்றையாவது நாம் விடாமல் செய்வோம். மறுப்புள்ளோர் எழுதட்டும்.